புதுப்பிப்பு: 43 வயதில் பியானோ, இப்போதே வாங்குவதா, பொறுப்பதா?

சித்திரையில் பாளையங்கோட்டையிலிருந்து கேட்டிருந்தேன்: 61 கட்டைக் கீபோர்டில் ஆறு மாதமாகப் பழகுகிறேன், பியானோவை இப்போதே வாங்கலாமா, கொஞ்சம் தேறிய பிறகா? பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வாங்கிவிட்டேன். 88 கட்டைகள் கொண்ட, விரலுக்குக் கனம் தெரியும் டிஜிட்டல் பியானோ. "மாதக் கணக்குப் பார்க்காதீர்கள், கருவி உங்களைத் தடுக்கும் நாளில் வாங்குங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. அந்த நாள் ஆடியில் வந்தது. ஆசிரியர் வீட்டுப் பியானோவில் மென்மையாக வாசிக்க வேண்டிய இடத்தில் பாதிக் கட்டைகள் அமுங்கின, சத்தம் வரவில்லை. என் கீபோர்டில் இருப்பது வெறும் ஸ்பிரிங். பியானோவிலோ கட்டைக்குப் பின்னால் ஒரு சுத்தியல் எழும்பித் தந்தியை அடித்தாக வேண்டும். வீட்டில் பழகியது அங்கே செல்லவில்லை.

நடுவில் பழைய மரப் பியானோ ஒன்று மலிவாக வந்தது. "சுருதி சேர்ப்பவரைக் கூட்டிப் போங்கள்" என்றவருக்குத் தனி நன்றி. 200க்கு மேற்பட்ட தந்திகளை இழுத்துப் பிடிக்கும் முளைகளில் பல தளர்ந்திருந்தன. சுருதி நிற்காது என்று சொல்லிவிட்டார். விற்க வந்தவர் முகம்தான் வாடியது.

யாரும் சொல்லாத ஒன்று: ஹெட்போன் மாட்டி வாசித்தாலும் கட்டை தட்டும் அதிர்வு தரை வழியே இறங்குகிறது. கீழ்வீட்டு ஆச்சி மூன்றாம் நாளே, "ராத்திரியில் உரலில் என்ன இடிக்கிறாய், தம்பி?" என்று கேட்டார். பத்தமடைப் பாயை மடித்துப் போட்டேன், பயனில்லை. கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போட்ட பிறகு ஆச்சி கேட்பதில்லை.