வங்கியில் சில்லறைக் குற்றி கேட்பது எப்படி? திருகோணமலையிலிருந்து ஒரு கேள்வி

சேதுக்காசு (உப்புவெளி) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் உப்புவெளியில் வசிக்கும் பாடசாலை ஆசிரியன். ஏழு ஆண்டுகளாக இலங்கை நாணயக்குற்றிகளைச் சேகரித்து வருகிறேன். அம்மம்மாவின் வெற்றிலைப் பெட்டிக்குள் கிடந்த, ஓரம் பூவிதழ்போல வளைந்த பத்துச் சதக் குற்றி ஒன்றுதான் இதற்குத் தொடக்கம். யாழ்ப்பாண அரசரின் நந்தி பொறித்த சேதுக் காசுகளைப் பற்றி வாசித்து இப்பெயரைச் சூடிக்கொண்டேனே தவிர, அவற்றை விலைகொடுத்து வாங்கும் வசதி எனக்கில்லை. ஆகவே, கையில் புழங்கும் சில்லறைக்குள்ளேயே தேடுகிறேன். ஐக்கிய நாடுகள் சபையின் ஐம்பதாம் ஆண்டுக்காக 1995இல் வந்த ஐந்து ரூபா, 1996 உலகக் கிண்ண வெற்றியை நினைவுகூர்ந்து 1999இல் வந்த ஐந்து ரூபா, கொழும்புத் திட்டத்துக்காக 2001இல் வந்த இரண்டு ரூபா ஆகியவை இப்படித்தான் எனக்குக் கிடைத்தன. 25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக 2013ஆம் ஆண்டு பொறித்து வெளிவந்த பத்து ரூபாக் குற்றிகளில் 17 என்னிடம் உள்ளன. நமது திருகோணமலை மாவட்டக் குற்றியே இன்னும் என் கைக்கு வரவில்லை என்பது பெருங்குறையாக இருக்கிறது.

என் சிக்கல் வங்கியில்தான். எனக்குக் கணக்குள்ள கிளைக்குச் சென்று, இரண்டாயிரம் ரூபாவுக்கு ஐந்து ரூபாக் குற்றிகள் தரமுடியுமா என்று கேட்டேன். எதற்கு என்று காசாளர் வினவினார். சேகரிப்புக்கு என்றேன். அவர் மறுமொழி எதுவும் கூறாமல் எனக்குப் பின்னால் நின்றவரை அழைத்துவிட்டார். காசாளருக்குப் பின்னாலிருந்த உத்தியோகத்தர், கடைக்காரருக்கே கொடுக்கச் சில்லறை இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். என் மாணவன் ஒருவனின் தந்தையும் அந்த வரிசையில் நின்றார். வேறொரு நாள், நான் பார்த்து முடித்த குற்றிகளைப் பிஸ்கட் தகரப்பேணி ஒன்றில் நிறைத்து வைப்பிலிடக் கொண்டுபோனபோது, எண்ணுவதற்கு ஆளில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அந்தப் படியேறவே மனம் கூசுகிறது.

வங்கி ஊழியரிடம் இதை எப்படிக் கேட்க வேண்டும்? முகாமையாளருக்குக் கடிதம் எழுதினால் பயன் உண்டா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பிரதான வீதிக் கடைக்காரன் பதிலளிக்கிறார்:

ஆசிரியர் ஐயா, பார்த்து முடித்த குற்றிகளை நீங்கள் ஏன் வங்கிக்குச் சுமக்கிறீர்கள்? என்னைப் போன்ற கடைக்காரர்கள் மீதிக்காசு கொடுக்க வழியில்லாமல் டொபி கொடுத்துச் சமாளிக்கிறோம், அதற்கு வாடிக்கையாளரின் முகச்சுளிப்பையும் வாங்கிக்கொள்கிறோம். ஐந்து ரூபாவும் பத்து ரூபாவுமாக ஐயாயிரத்துக்குக் கொண்டுவந்தாலும் நான் தாளாக மாற்றித் தருவேன். பஸ் நடத்துனர்களும் மறுக்கமாட்டார்கள். கடையடைக்கும் நேரத்தில் வந்தால் என் மேசை லாச்சியில் உள்ளதையும் நீங்கள் இருந்து பார்க்கலாம். குற்றியை எடுத்துவிட்டு அதே பெறுமதிக்கு வேறு குற்றி வைத்தால் எனக்கு ஒரு நட்டமும் இல்லை.

ஓய்வுபெற்ற காசாளர் (ஓர்ஸ்ஹில்) பதிலளிக்கிறார்:

தம்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கருமபீடத்தின் மறுபக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்தது சரியென்று நான் சொல்லமாட்டேன். இல்லை என்று சொல்வதானாலும் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் கேள்வி காசாளர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பதை நீங்கள் அறிந்துகொண்டால், அடுத்த முறை கேட்பது எளிதாகும்.

காலையில் காசாளரிடம் ஒரு தொகை கையளிக்கப்படும். மாலையில் அது, வந்ததும் போனதும் சேர்ந்து, கடைசி ரூபா வரை ஒத்துவர வேண்டும். குறைந்தால் அந்தக் கணக்கு ஒத்துவரும் வரை வீட்டுக்குப் போகமுடியாது. சில வேளைகளில் குறையைத் தன் கையிலிருந்தே போட வேண்டியும் வரும். தாள்களை இயந்திரம் எண்ணிவிடும். குற்றிகளோ பெரும்பாலான கிளைகளில் இன்னும் கையால்தான் எண்ணப்படுகின்றன. நான் பத்துப் பத்தாக அடுக்கி, அடுக்குகளின் உயரம் ஒத்திருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பார்ப்பேன்; ஓர் அடுக்கில் ஒன்று கூடினாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். தகரப்பேணியில் ஐந்து ரூபாவும் இரண்டு ரூபாவும் கலந்து கிடக்க, வரிசையில் இருபது பேர் நிற்கும்போது நீங்கள் போயிருந்தால், அந்தக் காசாளர் பிள்ளைக்கு முதலில் தோன்றியது உங்கள் மீதான கோபமாக இருந்திருக்காது. இன்று மாலை கணக்கு ஒத்துவருமா என்ற பயமாகவே இருந்திருக்கும்.

குற்றி கேட்பதிலும் இப்படித்தான். கருமபீட லாச்சியில் இருப்பது அன்றாட மீதிக்குரிய கொஞ்சம். பெருந்தொகை பெட்டக அறையில் பைகளாகக் கட்டி, முத்திரையிட்டு இருக்கும். அந்த அறையின் திறப்புகள் இரண்டு உத்தியோகத்தரிடம் பிரிந்திருக்கும். இருவரும் சேர்ந்து வந்தாலன்றித் திறக்கமுடியாது. நடுப்பகலில் ஒருவருடைய பொழுதுபோக்குக்காக இருவரை எழுப்பிச் செல்லும் துணிவு இளம் காசாளருக்கு வராது. ஆகவே, தரமுடியுமா என்று அப்போதே கேட்காமல், எப்போது வந்தால் தரமுடியும் என்று கேளுங்கள். முந்திய நாளே தொகையையும், எத்தனை ரூபாக் குற்றி என்ற இனத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டால், காலையில் பெட்டகம் திறக்கும்போதே உங்களுக்குரியதை எடுத்து வைத்துவிடுவார்கள். இரண்டாயிரத்தில் தொடங்காதீர்கள். ஐந்து ரூபாக் குற்றியில் ஐந்நூறு ரூபா என்பது சரியாக நூறு குற்றி. அதைக் கொடுப்பதும் எளிது, நீங்கள் திருப்பும்போது எண்ணுவதும் எளிது.

நாளையும் பார்த்துச் செல்லுங்கள். அரச ஊழியரின் சம்பள நாளிலும், ஓய்வூதியக்காரர் வரும் நாள்களிலும், நீண்ட விடுமுறைக்கு முன்பின்னும் கருமபீடத்தை அணுகவே வேண்டாம். மற்ற நாள்களில் காலைக் கூட்டம் கலைந்து மதிய உணவு தொடங்கும் முன்னுள்ள பொழுது நல்லது.

திருப்பிக் கொடுக்கும்போது இனம் பிரித்து, நூறு நூறாகத் தெளிந்த பொலித்தீன் பைகளில் இட்டு, பையின் மேல் தொகையையும் கணக்கிலக்கத்தையும் எழுதுங்கள். என் கருமபீடத்துக்குக் கோயில் உண்டியல் காசைக் கொண்டுவரும் முதியவர் ஒருவர் இருந்தார். மஞ்சளும் குங்குமமும் ஒட்டிய குற்றிகளை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, இனம் பிரித்துத்தான் கொண்டுவருவார். அவர் பையில் ஒருநாளும் ஒரு குற்றி குறைந்ததில்லை. அவரைக் கண்டால் நாங்கள் மூன்று பேரும் எங்கள் பக்கம் வரும்படி அழைப்போம்.

முகாமையாளருக்குக் கடிதம் எழுதுவதை இப்போது தவிர்த்துவிடுங்கள். கடிதம் போனால் அந்தக் காசாளருக்கு ஒரு விளக்கம் கோரல் போகும், குற்றி வராது. முகாமையாளரை நேரில் கண்டு, நான் இன்ன பாடசாலையில் படிப்பிக்கிறேன், இதற்காகச் சேகரிக்கிறேன், மாதம் ஒருமுறை ஐந்நூறு ரூபாவுக்குக் குற்றி வேண்டும் என்று இரண்டு நிமிடம் பேசுங்கள். அவர் காசாளரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டால், பொறுப்பு அவருடையதாகிவிடும். காசாளருக்குப் பயம் நீங்கிவிடும்.

கிண்ணியாச் சகோதரி பதிலளிக்கிறார்:

மேலே ஐயா எழுதியது முழுவதும் உண்மை. நானும் அதையே இரண்டு வருடம் இடறி இடறிக் கற்றுக்கொண்டேன். சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது, நினைவுக்குற்றிகளை வர்த்தக வங்கிக் கருமபீடத்தில் கேட்டு மனம் நோகவேண்டாம். அவை அங்கே எப்போது வரும் என்பது அந்த ஊழியருக்கே தெரியாது. அவற்றை வெளியிடுவது இலங்கை மத்திய வங்கி. அதன் பிராந்திய அலுவலகம் ஒன்று நமது திருகோணமலையிலேயே இருக்கிறது. புதிய வெளியீடு ஒன்று அறிவிக்கப்படும்போது முதலில் அங்கே தொலைபேசியில் விசாரித்துவிட்டுச் செல்லுங்கள். கொழும்புக்குப் போகும் வேலை இருந்தால் சதாம் வீதியில் சென்ட்ரல் பொயின்ட் கட்டடத்திலுள்ள பொருளாதார வரலாற்று நூதனசாலையைக் கட்டாயம் பாருங்கள். மாணவர்களை அழைத்துச் செல்லவும் ஏற்ற இடம்.

அடுத்தது காந்தம். ஐந்து ரூபாக் குற்றிகள் 2005 முதல் பித்தளை முலாம் பூசிய உருக்கில் வந்தன. அவற்றைக் காந்தம் இழுக்கும். அதற்கு முந்தியவை உருக்கு அல்ல, ஆகவே இழுபடாமல் அப்படியே கிடக்கும். நூறு குற்றியைப் பரப்பிக் காந்தத்தை மேலே கொண்டுபோனால், நீங்கள் சொன்ன 1995, 1999 போன்ற குற்றிகள் இருந்தால் மிஞ்சும் சிலவற்றுக்குள்தான் இருக்கும். உருக்கிலும் பிந்திய நினைவுக்குற்றிகள் உண்டு என்பதால் அவற்றையும் ஒருமுறை கண்ணால் புரட்டிப் பாருங்கள். இப்படிச் செய்தால் அன்றிரவே பார்த்து முடித்து மறுநாளே திருப்பலாம். வங்கிச் சில்லறையை மாதக்கணக்கில் வீட்டில் முடக்குபவர் என்ற பேர் நமக்கு வராது. அந்தப் பேர் வந்துவிட்டால் பிறகு எந்தக் கருமபீடத்திலும் நமக்குக் குற்றி கிடைக்காது.

இன்னொன்று, சகோதரரே: சேகரிப்பு என்று வாயால் சொன்னதோடு விட்டுவிட்டீர்கள். நான் சிறிய அல்பம் ஒன்றைக் கைப்பையில் கொண்டுபோவேன். கண்ணாடிக்குக் கீழுள்ள இடைவெளியால் அதை ஒருமுறை தள்ளி, 1963க்கு முந்திய, எலிசபெத் மகாராணியின் தலை பொறித்த இரண்டு சதக் குற்றியைக் காட்டினேன். காசாளர் தங்கை அதைக் கையில் எடுத்து, இதை நான் கண்டதேயில்லை என்று பக்கத்திலிருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து வித்தியாசமான குற்றி வந்தால் அதன் பெறுமதியைத் தன் காசில் வைத்துவிட்டு எனக்காக எடுத்து வைக்கிறார். ஒரே ஒருமுறை, பளபளப்பாக இருக்கட்டும் என்று புளிபோட்டு மினுக்கித் தந்துவிட்டார். நான் மனம் நோகாதபடி, அப்படி மினுக்கினால் குற்றியின் மேற்பரப்பு கெட்டுவிடும் என்று விளக்கினேன்.

சேதுக்காசு மீண்டும் எழுதுகிறார்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஐயா சொன்னபடி முகாமையாளரை நேரில் கண்டேன். அவர் மறுக்கவில்லை. துண்டை முந்திய நாளே கொடுத்தேன். மறுநாள் அதே காசாளர் நூறு குற்றிகளைப் பையில் கட்டித் தயாராக வைத்திருந்தார். முன்பு உங்களைக் கவனிக்காமல் விட்டதற்கு மன்னியுங்கள், அன்று கணக்கில் நானூறு ரூபா குறைந்திருந்தது என்று அவராகவே சொன்னார். நானும் தகரப்பேணிக்காக மன்னிப்புக் கேட்டேன். அந்த நூறில் காந்தத்துக்கு அசையாமல் கிடந்தவை ஒன்பது. அவற்றில் ஒன்று 1999. மிகுதியை வழியிலேயே பிரதான வீதிக் கடையில் கொடுத்துத் தாளாக மாற்றிக்கொண்டேன்.

அந்தக் கடை லாச்சியில், ஐந்து ரூபாக்களுக்கு அடியில், ஒரு மாவட்டக் குற்றி கிடந்தது. தமிழில் திருகோணமலை என்று இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மட்டக்களப்பு. அதுவும் என்னிடம் இல்லாததுதான், இப்போது 18.