மூடாக்குக்கு அடியில் கண்டவை: பூச்செடி வைத்தவர்களின் அனுபவப் பகிர்வு

கோபிக்காரர்:

ஊர் மாரியம்மன் பூச்சாட்டுத் திருவிழாவுக்கு ஆகட்டும் என்று தை மாதக் கடைசியில் 400 செண்டுமல்லி நாற்றுகள் நட்டேன். நட்ட 60 நாளில் பறிப்புக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். வெயில் ஏறியதும், தோட்டத்துக் கொட்டகையில் மூட்டை மூட்டையாகக் கிடந்த நிலக்கடலைத் தோலை எடுத்துவந்து, ஈரம் காயக் கூடாது என்ற ஒரே நினைப்பில், ஒவ்வொரு செடிக்கும் தண்டோடு அணைத்து, மண்ணை மூடும் மூடாக்காகக் கொட்டினேன். பங்குனியில் ஒரு கோடை மழை வலுத்துப் பெய்தது. பத்து நாள் கழித்து வரிசையில் மூன்று செடிகள் தலை தொங்கி நின்றன.

தண்ணீர் பற்றவில்லையோ என்று தோலை விலக்கிப் பார்த்தால், உள்ளே ஈரம் கசிகிறது. தண்டின் அடியில் வெள்ளை நூல் விசிறி போலப் படர்ந்திருந்தது. அதன்மேல் சிறு சிறு உருண்டைகள், சில வெள்ளையாகவும் சில பழுப்பாகவும் ஒட்டிக்கிடந்தன. பின்னால் வந்து நின்ற அம்மாயி, "ஏங்கண்ணு, தாளிக்கற கடுகைக் கொண்டாந்து இங்கெதுக்குக் கொட்டிவெச்சிருக்கறே?" என்று கேட்டார். செடியைப் பிடித்து இழுத்தேன்; வேர் மண்ணிலேயே நிற்க, தண்டு மட்டும் கையோடு வந்தது. பாத்தி இப்படிப் போனதால் அந்த ஆண்டு கோயிலுக்குப் பூவை விலைக்கு வாங்கித்தான் கொண்டுபோனோம்.

சத்தி சம்பங்கித் தோட்டம்:

நீங்கள் பார்த்த கடுகை என் சம்பங்கிப் பாத்தியில் நானும் பார்த்திருக்கிறேன். இலைகள் மண்ணோடு சேரும் இடத்தில் அழுகிக் கழன்றுவந்தன. என் கதை அவ்வளவுதான்.

ஆனால் கேட்காவிட்டாலும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். அது ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி என்ற பூஞ்சை. நிலக்கடலையில் தண்டழுகல் நோயை உண்டாக்குவதும் இதுவே என்பதால், நோய் கண்ட வயலில் விளைந்த கடலையின் தோலை மூடாக்காகப் போட்டால் நாமே விதைத்தது போல ஆகிவிடும். வெப்பமும் ஈரமும் மட்காத பொருளும் ஓரிடத்தில் சேர்வது அதற்கு மிகவும் உகந்தது. அந்த உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எனவே வாடிய செடியை அடிமண்ணோடு தோண்டிச் சாக்கில் போட்டு எரித்துவிட வேண்டும். வரப்பில் வீசினால் வாய்க்கால் தண்ணீரே அடுத்த பாத்திக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். தண்டைச் சுற்றி நான்கு விரல் அகலமாவது வெறும் மண்ணாக விட்டு, அதற்கு அப்பால் இரண்டு மூன்று அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் மூடாக்கைப் பரப்ப வேண்டும். நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடியை எக்டேருக்கு 2.5 கிலோ எடுத்து, 50 கிலோ தொழு உரத்தோடு கலந்து நடவுக்கு முன்பே மண்ணில் இடுவது நல்லது. நோய் முற்றிய பிறகு இடுவதால் பெரிய பயன் இராது. செடிக்குச் செடி இடைவெளி எவ்வளவு விட்டீர்கள் என்றும் எழுதவில்லை. நெருக்கி நட்டிருந்தால் காற்றோட்டம் குறைந்து ஈரம் தங்கியிருக்கும்.

பொள்ளாச்சித் தென்னை:

சத்திக்காரர் எழுதுவதைப் படித்தால் மூடாக்குப் போடுகிறவனே குற்றவாளி என்று தோன்றுகிறது. இடைவெளி விட்டுப் போடவேண்டும் என்ற பேச்சு சரி. மட்காத பொருளே ஆகாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் பக்கம் கயிறு ஆலைகளைச் சுற்றித் தென்னை நார்க்கழிவு மலை மலையாகக் கிடக்கிறது. வீட்டு முன்னால் செவ்வந்தி வைத்தபோது ஒரு பாத்தியில் அதை மண்ணோடு கொத்திக் கலந்துவிட்டேன். அடுத்த பாத்தியில், தண்ணீர் விட்டுக் கழுவிய நார்க்கழிவை மேலே மட்டும் பரப்பினேன். ஒரு மாதத்தில் இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தது போல் ஆகிவிட்டது. மேலே பரப்பிய பக்கம் கரும்பச்சை, கொத்திக் கலந்த பக்கம் எலுமிச்சை மஞ்சள். வாசலில் நின்று அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மட்காத நார்க்கழிவில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கு மேல் கரிமம் இருக்கிறது. மண்ணுக்குள் போனால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்கு உரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். மேலே கிடந்தால் அந்தப் போட்டி மேல்மண்ணோடு நின்றுவிடும். கலந்தே ஆகவேண்டும் என்றால், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில், ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு மட்கவைத்த பிறகே கலக்க வேண்டும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: காய்ந்த நார்க்கழிவை மொத்தமாகப் பரப்பியிருந்தால் சித்திரையில் விழும் சிறு தூறலை அதுவே குடித்துவிடும், மண்ணுக்கு ஒரு சொட்டும் இறங்காது. ஆகவே மழை பெய்து மண் நனைந்த பிறகு பரப்புவதே முறை.

அவிநாசி முல்லைப்பந்தல்:

நீங்கள் இருவரும் கரிமக் கணக்குப் போட்டுக்கொண்டிருங்கள், அண்ணா. என் அனுபவம் வேறு. நான்கு முல்லைக்கொடிகளுக்கும் ஒரு நித்தியமல்லிக்கும் அடியில் காய்ந்த தென்னை ஓலையை மடித்துப் போட்டிருந்தேன். செம்மண், மாலைக்குள் சுட்டுவிடும். ஒருநாள் சொட்டுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க, அத்தை குனிந்து வெறுங்கையால் ஓலையைத் தூக்கினார். குக்கரில் ஆவி கிளம்புவது போல் ஒரு சத்தம். அத்தை அசையாமல் அப்படியே நின்றார். ஓலையின் நிறத்திலேயே, முதுகில் சங்கிலி கோத்தது போன்ற புள்ளிகளோடு, கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அது நகர்ந்து வேலிப்பக்கம் போயிற்று. அத்தை ஓலையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "கொழாய் அடைக்கலீங் அம்மிணி, தண்ணி வருது" என்றார்.

இப்போது ஓலையை முழுசாகப் போடுவதில்லை. சிறு துண்டுகளாக நறுக்கி மெல்லிசாகத்தான் பரப்புகிறேன். விலக்குவதும் நீளக் கம்பால்தான். கரையான் கொஞ்சம் கூடியிருக்கிறது, அது பரவாயில்லை.

கோபிக்காரர்:

சத்திக்காரருக்கு: வரிசைக்கு 45 சென்டிமீட்டரும் செடிக்கு 35 சென்டிமீட்டரும் விட்டுத்தான் நட்டேன், நெருக்கவில்லை. தண்டோடு அணைத்தது என் தவறுதான். அந்தப் பாத்தியில் இந்த ஆண்டு பூச்செடி வேண்டாம் என்று மாட்டுக்குச் சோளம் விதைத்திருக்கிறேன்; புல்லினப் பயிர் என்பதால் இந்தப் பூஞ்சைக்கு அதில் அவ்வளவாகப் பிடி கிடைக்காது. அம்மாயிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. ஒவ்வொரு நாளும் அந்த வழியாகப் போகும்போது, "சாமிக்குப் பூ வெச்ச எடத்துல சோளத்தட்டு நிக்குதே" என்று சொல்லிக்கொண்டே போகிறார்.