பாட்டு சத்தம் வர்ற பந்து செய்யணும், பார்வை குறைஞ்ச குழந்தைக்கு. யோசனை சொல்லுங்க

திண்டுக்கல்_ஃபிட்டர் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். நான் ஐடிஐ ஃபிட்டர், எலக்ட்ரானிக்ஸ் அவ்வளவா தெரியாது, சால்டரிங் மட்டும் ஓரளவு வரும். எங்க அக்கா பொண்ணுக்கு 5 வயசு, பிறந்ததுல இருந்தே பார்வை ரொம்ப கம்மி, வெளிச்சம் இருட்டு தெரியும் அவ்வளவுதான். தெருவுல பசங்க பந்து விளையாடுற சத்தம் கேட்டா வாசப்படில வந்து உக்காந்துக்குவா. போன மாசம் "மாமா எனக்கு பாட்டு பாடுற பந்து செஞ்சு தா"ன்னு கேட்டுட்டா, அதுல இருந்து எனக்கு வேற நினைப்பே இல்ல.

இதுவரைக்கும் ரெண்டு செஞ்சு பாத்துட்டேன். முதல்ல ஒரு பிளாஸ்டிக் பந்தை ரெண்டா அறுத்து உள்ள சலங்கை மணி பத்து போட்டு ஒட்டினேன். உருளும்போது நல்லாத்தான் கேக்குது, ஆனா நின்னுட்டா சத்தம் போயிடுது, அவ தரையில உள்ளங்கைய வச்சு தடவிக்கிட்டே தேடுறா, பக்கத்துலயே கிடக்கும் ஆனா கைக்கு மாட்டாது, பாக்கவே கஷ்டமா இருக்கு. ரெண்டாவது பந்துல காலிங் பெல்லுக்குள்ள வர்ற யூஎம் 66ன்னு மூணு கால் ஐசி வாங்கி, ஒரு சின்ன ஸ்பீக்கர், பட்டன் பேட்டரி வச்சேன். ஆட்டினா பாட்டு வரும். ரெண்டு நாள் கேட்டா, மூணாவது நாள் தொடவே இல்ல. ஏன்டான்னு கேட்டா "அது எப்பவும் ஒரே பாட்டுதான் மாமா, நான் உருட்டினாலும் அதே, தூக்கிப் போட்டாலும் அதே"ங்கிறா.

கேள்வி ரெண்டு. அவ எப்படி உருட்டுறாளோ அதுக்கேத்த மாதிரி சத்தம் மாறணும், அதுக்கு என்ன வழி? அப்புறம் இது நல்லா வந்தா மத்த குழந்தைங்களுக்கும் செஞ்சு குடுக்கணும்னு ஆசை, பேட்டன்ட் எடுக்க முடியுமா?

---

ரிச்சி_ஸ்ட்ரீட்_ரெகுலர்

தம்பி, முதல் வேலையா அந்த பட்டன் பேட்டரிய வெளிய எடுங்க. இத படிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துட்டு வாங்க. குழந்தை அத முழுங்கி தொண்டைக்குழல்ல மாட்டிக்கிச்சுன்னா, எச்சில் பட்டு கரண்ட் ஓடி, ரெண்டு மணி நேரத்துலயே உள்ள புண்ணாகிடும், அப்புறம் ஓட்டை விழுற அளவுக்கு கூட போகும். பந்துன்னா எறியத்தான் செய்வாங்க, ஒட்டினது ஒருநாள் பிரியத்தான் செய்யும். ஏஏஏ சைஸ் செல்லு மூணு போடுங்க, மூடிக்கு ஸ்க்ரூ போடுங்க, கையால திறக்க முடியக்கூடாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். யூஎம் 66க்குள்ள பாட்டு ஏற்கனவே எழுதி வச்சிருக்கு, கரண்ட் குடுத்தா அது பாட்டுக்கு பாடும், அத மாத்தவே முடியாது. உங்களுக்கு வேணும்கிறது எம்பியூ 6050ன்னு ஒரு சென்சார் போர்டு, நகம் சைஸ்ல இருக்கும், எந்தப் பக்கம் எவ்வளவு வேகமா சுத்துதுன்னு சொல்லும், எவ்வளவு வேகமா மோதுதுன்னும் சொல்லும். கூட ஒரு அர்டுயினோ நானோ, அதாவது நாம எழுதுற புரோகிராம ஓட்டுற குட்டி போர்டு, அப்புறம் ஒரு குட்டி ஸ்பீக்கர். மெதுவா உருண்டா கீழ் ஸ்வரம், வேகமா உருண்டா மேல் ஸ்வரம், சுவத்துல மோதினா தனியா ஒரு சத்தம், கையில தூக்கினா வேற சத்தம்னு எழுதிக்கலாம். 20 சென்டிமீட்டர் பந்து ஒரு சுத்து சுத்தினா 63 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும், அதனால தரையில எவ்வளவு தூரம் போச்சுங்கிறதையே ஸ்வரமா சொல்ல முடியும், அவளுக்கு அது ரொம்ப உபயோகமா இருக்கும்னு தோணுது. சென்சார் செட்டிங்ல செகண்டுக்கு 250 டிகிரின்னு இருக்கறத 2000ன்னு மாத்திடுங்க, இல்லன்னா கொஞ்சம் வேகமா உருட்டினாலே அதுக்கு மேல அளக்க முடியாம நின்னுடும்.

நான் பட்ட அவஸ்தை ஒண்ணு சொல்றேன். பந்து தரையில மோதுற நொடியில பேட்டரி ஸ்பிரிங் ஒரு கண்ணிமைக்கிற நேரம் விட்டுப் பிடிக்கும், உடனே போர்டு ரீசெட் ஆகி சத்தம் நின்னுடும், நான் ரெண்டு வாரம் புரோகிராம்லயே தப்பு தேடிட்டு இருந்தேன். சப்ளைக்கு குறுக்க கரண்ட கொஞ்சம் தேக்கி வைக்கிற கெப்பாசிட்டர், 470 மைக்ரோஃபாரட், ஒண்ணு போட்டதும் சரியாச்சு. ஒயர்களை க்ளூ கன் வச்சு அசையாம ஒட்டிடுங்க.

---

பட்டறை_அண்ணாச்சி

சர்க்யூட் எல்லாம் நல்ல விஷயம்தான், ஆனா நீங்க ஃபிட்டர், உங்க கையில ஃபைலும் ஹாக்ஸா பிளேடும் இருக்கு, பேட்டரியே இல்லாம ஒண்ணு செய்யலாம், சொல்றேன் கேளுங்க.

5 எம்எம் ஸ்டீல் ராடு வாங்குங்க. அத துண்டா வெட்டி, தொங்கவிட்டு தட்டினா கணீர்னு ஒரு சத்தம் வரும். நீளம் குறைஞ்சா சத்தம் மேல போகும், ஆனா பாதியா வெட்டினா ரெட்டிப்பா போகும்னு நினைச்சுக்காதீங்க, நாலு மடங்கு போயிடும். ராடோட கணக்கே அப்படித்தான், நீளத்தோட ஸ்கொயருக்கு தலைகீழ். மேல் ஸட்ஜம் வேணும்னா நீளத்தை 0.707 ஆல பெருக்கணும். நான் 140 எம்எம்ம ஸட்ஜமா வச்சுப்பேன். அப்போ சதுஸ்ருதி ரிஷபத்துக்கு 132, அந்தர காந்தாரத்துக்கு 125, பஞ்சமத்துக்கு 114, தைவதத்துக்கு 108. கொஞ்சம் நீளமா வெட்டிக்கிட்டு முனையை ஃபைல் போட்டு போட்டு சுருதி சேருங்க, போன்ல ட்யூனர் ஆப் போதும். அதிகமா தேச்சிட்டா அந்தத் துண்ட திரும்ப கீழ கொண்டுவர்றது பெரும்பாடு, பொறுமையா போங்க.

ஏன் இந்த அஞ்சு? ச ரி க ப த, மோகன ராகம். எங்கப்பா நாதஸ்வரம் வாசிச்சவரு. இந்த அஞ்சும் எந்த வரிசையில வந்தாலும் ஒண்ணோட ஒண்ணு இடிக்காது. பந்து எப்படி உருளும்னு உங்களுக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது, எந்த ராடு முதல்ல அடிபடும்னு யாராலயும் சொல்ல முடியாது, அதனால எப்படி அடிபட்டாலும் காதுக்கு இதமா இருக்கணும். குழந்தை உருட்டுறதே பாட்டு ஆயிடும், ஒரு தடவ வந்தது மறு தடவ வராது.

ராட எங்க பிடிக்கணும்கிறதுதான் உசிரான விஷயம். ரெண்டு முனையில இருந்தும் நீளத்துல 22.4 சதவீதம் உள்ள தள்ளி ஒரு இடம் இருக்கு, அங்க மட்டும் ராடு அதிராது. 140க்கு 31 எம்எம். அந்த இடத்துல நைலான் நூல்ல கட்டி தொங்கவிட்டா சத்தம் நீண்டு நிக்கும், வேற எங்க பிடிச்சாலும் 'டொக்'குன்னு செத்துடும். அஞ்சு ராடையும் ஒரு வட்டமா, குடை கம்பி மாதிரி நிறுத்தி, நடுவுல ஒரு கயிறு கொஞ்சம் தொங்கலா கட்டி அதுல ஒரு மரமணி கோத்து விடுங்க. பந்து உருள உருள மணி கீழ்ப்பக்கமா சாஞ்சு ஒவ்வொரு ராடா தட்டும். இரும்பு குண்டு வேண்டாம், காது கூசும். ராடுங்க செங்குத்தா நின்ன நிலையில பந்து பம்பரம் மாதிரி சுத்தினா மட்டும் மணி சரியா தட்டாது, அது ஒரு குறைதான்.

மூடுன பந்துக்குள்ள இருந்து சத்தம் வெளிய வராது, சுத்தி சின்ன சின்ன துளை போடுங்க, 4 எம்எம் போதும், குழந்தை விரல் மாட்டக்கூடாது. கடைசியா பேலன்ஸ். பந்தை பாலிதீன் கவர்ல இறுக்கி சுத்தி ஒரு அண்டா தண்ணில மிதக்க விடுங்க, கனமான பக்கம் தானா கீழ திரும்பும், அதுக்கு எதிர்ப்பக்கம் உள்ள கொஞ்சம் எம்சீல் அப்புங்க. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை அடிக்கனத்தாலதான் நிக்குது, அதே கனம் பந்துல இருந்தா கோணிக்கிட்டு ஓடும், கண்ணு தெரியாத பிள்ளைக்கு அது பெரிய ஏமாற்றம்.

---

சிறப்புப்பள்ளி_டீச்சர்

பார்வையில்லாத குழந்தைங்களோட 14 வருஷமா வேலை பாக்குறேன். மேல ரெண்டு பேர் சொன்னதும் அருமை, ஆனா கேள்வியில நீங்களே எழுதின ஒரு வரிய யாரும் கவனிக்கல, "நின்னுட்டா சத்தம் போயிடுது". எனக்கு முக்கியமா படுறது அதுதான்.

சத்தம் போடுற பந்து புதுசு இல்ல. 1922ல மெல்பர்ன்ல பார்வையில்லாத தொழிலாளிங்க ரெண்டு பேரு ஒரு தகர டப்பால கல்லு போட்டு கிரிக்கெட் ஆடினாங்க, பார்வையற்றோர் கிரிக்கெட் அங்கதான் ஆரம்பிச்சுது, இன்னிக்கும் அந்த பந்துக்குள்ள பேரிங் குண்டுதான் கலகலக்குது. கோல்பால்னு ஒரு ஆட்டம், ரெண்டாம் உலகப்போர்ல கண்ணு போன வீரர்களுக்காக 1946ல உருவாக்கினது, 1976ல இருந்து பாராலிம்பிக்ல இருக்கு, பந்து 1.25 கிலோ, உள்ள மணி. இதெல்லாம் உருண்டா மட்டும் சத்தம் வர்ற பந்துங்க. பந்து எங்க நின்னுச்சுன்னு தேடுறதுக்கு பெரியவங்களுக்கு பழக்கம் உண்டு, கோடு உண்டு, கூட ஆள் உண்டு. அஞ்சு வயசு குழந்தைக்கு அது இல்ல. 1964ல அமெரிக்காவுல ஒரு டெலிபோன் கம்பெனி இன்ஜினியர் பந்துக்குள்ள பீப் பீப்னு நிக்காம கத்துற ஒண்ண வச்சு பேஸ்பால் ஆட வச்சாரு, அவருக்கு இந்த விஷயம் புரிஞ்சிருக்கு.

அதனால உங்க பந்து ரெண்டு குரல்ல பேசணும். உருளும்போது அண்ணாச்சி சொன்ன ராடு பாடட்டும், அது அவ கை செஞ்சது. நின்னதுக்கப்புறம் மூணு செகண்டுக்கு ஒரு தடவ 'ட்டும்'னு மெதுவா ஒரு ஒத்த சத்தம், "நான் இங்க இருக்கேன்"ங்கிற மாதிரி. அதுக்கு மட்டும் சர்க்யூட் போதும். ரெண்டு நிமிஷத்துல தானா அடங்கிடணும், இல்லன்னா வீட்ல யாரும் தூங்க முடியாது. பீப்னு ஒரே ஸ்தாயில கீச்சுன்னு வர்ற சத்தம் வைக்காதீங்க, அது எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு காதுக்கு சட்டுனு பிடிபடாது, மத்தளம் தட்டின மாதிரி பல சத்தம் கலந்து டக்குனு ஆரம்பிக்கிறதுதான் திசை காட்டும். சத்தமும் ஜாஸ்தி வேண்டாம், இந்தப் பிள்ளைங்க பந்தை காதுல வச்சுத்தான் கேப்பாங்க.

ஒரு வேண்டுகோள். பந்து கைய விட்டுப் போனா ஓடிப்போய் எடுத்துக் குடுக்காதீங்க. அவ தேடட்டும். தேடிக் கண்டுபிடிக்கிறதுதான் அவளுக்கு விளையாட்டு.

---

கிண்டி_ஐபி

பேட்டன்ட் கேள்விக்கு நான் சொல்றேன், இதான் என் தொழில்.

முதல்ல ஒண்ணு, இந்த மாதிரி பொது இடத்துல முழுசா எழுதினாலே அது வெளியிட்ட மாதிரி ஆயிடும். வெளியிட்டதுக்கு அப்புறம் விண்ணப்பிக்க நம்ம சட்டத்துல பொதுவான சலுகைக் காலம் கிடையாது. பேட்டன்ட் வேணும்னு முடிவு பண்ணா இனிமேல் புதுசா யோசிக்கிறத இங்க போடாதீங்க, முதல்ல ப்ரொவிஷனல், அதாவது தற்காலிக விண்ணப்பம் போட்டுடுங்க, தனி ஆளுக்கு ஆன்லைன்ல 1,600 ரூபாய், அதுல இருந்து 12 மாசத்துக்குள்ள முழு விவரம் குடுக்கணும். நம்ம பக்கத்துக்கு ஆபீஸ் சென்னை கிண்டில.

ரெண்டாவது, சட்டத்துல 3-எஃப்னு ஒரு பிரிவு இருக்கு. ஏற்கனவே தெரிஞ்ச சாமான்கள பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒவ்வொண்ணும் அது அது வேலைய தனித்தனியா பாத்தா அது கண்டுபிடிப்பு இல்லன்னு சொல்லுது. பந்துக்குள்ள மணி போட்டா அது மணி, பந்து, அவ்வளவுதான். ஒண்ணு இன்னொண்ண தூண்டி, தனியா எதுலயும் வராத பலன் வந்தாத்தான் பேச முடியும். பேட்டன்ட் ஆபீஸ் தளத்துல இலவசமா தேடலாம், விண்ணப்பத்துக்கு முன்னாடி ஒரு வாரம் உக்காந்து தேடுங்க. வெளித்தோற்றம் புதுசா இருந்தா டிசைன் பதிவு செலவு கம்மி, 10 வருஷம், அப்புறம் 5 வருஷம் நீட்டிக்கலாம்.

விக்கப் போறீங்கன்னா இன்னொரு கதவு இருக்கு. 2021 ஜனவரி 1ல இருந்து 14 வயசுக்குள்ள பிள்ளைங்களோட பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பேட்டரி இல்லாததுக்கு ஐஎஸ் 9873ங்கிற தரநிலை, எலக்ட்ரிக் பொம்மைக்கு ஐஎஸ் 15644. வீட்ல அக்கா பொண்ணுக்கு செய்யறதுக்கு இது எதுவும் வேண்டாம்.

---

திண்டுக்கல்_ஃபிட்டர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணு வாரமா எழுதல, செஞ்சுட்டு எழுதலாம்னு இருந்தேன். பட்டன் பேட்டரிய அன்னிக்கு ராத்திரியே எடுத்துட்டேன் அண்ணே.

ராடு அஞ்சும் வெட்டி சுருதி சேர்த்தேன், தைவதத்த மட்டும் ரெண்டு தடவ அதிகமா தேச்சு வீணாக்கினேன். நூல் கட்டுற இடம் ரெண்டு எம்எம் தள்ளினாலே சத்தம் அடங்குது அண்ணாச்சி, நீங்க சொன்னது அப்படியே கையில தெரிஞ்சுது. ட்டும் சத்தத்துக்கு நானோ போர்டும் சென்சாரும் வச்சேன், பக்கத்து வீட்டு பாலிடெக்னிக் பையன் புரோகிராம் எழுதிக் குடுத்தான். பேட்டன்ட் பத்தி அக்காகிட்டயும் பேசினேன், இப்போதைக்கு வேண்டாம்னு விட்டுட்டோம், யாருக்காவது வேணும்னா இந்த அளவுகள வச்சே செஞ்சுக்கட்டும்.

நேத்து சாயங்காலம் கூடத்துல சிவப்பு சிமெண்ட் தரையில உருட்டி விட்டா. ராடு சத்தம் வந்ததும் அப்படியே நின்னு கேட்டா. பந்து பீரோ பக்கம் போய் நின்னுடுச்சு. நான் எழப்போனேன், டீச்சர் எழுதினது ஞாபகம் வந்து உக்காந்துட்டேன். ட்டும்னுச்சு. தலைய ஒரு பக்கமா சாச்சா. மறுபடி ட்டும். எழுந்து நேரா நாலு எட்டு வச்சு, குனிஞ்சு, ரெண்டு கையாலயும் எடுத்துட்டா. தரைய தடவவே இல்ல. அக்கா அடுப்படில இருந்து பாத்துட்டு உள்ள போயிடுச்சு.

இப்ப ஒரே ஒரு பிரச்சனை. வேகமா உருட்டினா மரமணி ராடுல சாஞ்சபடியே ஒட்டிக்கிட்டு சுத்துது, சத்தம் வரமாட்டேங்குது. கயிற்றுக்குப் பதிலா எலாஸ்டிக் போட்டா திரும்பி வருமா அண்ணாச்சி, இல்ல மணிய சின்னதாக்கணுமா?

---

பட்டறை_அண்ணாச்சி

ஒட்டுறது சுத்துற வேகத்தாலதான், வெளிய தள்ளுது. எலாஸ்டிக் போடுங்க, தையக்கடைல கிடைக்கிற உருண்டை எலாஸ்டிக், மணி தன்னால நடுவுக்கு இழுபடணும். மணிய மாத்தாதீங்க, சின்னதாக்கினா ஸட்ஜம் கேக்காது. போட்டுப் பாத்துட்டு எழுதுங்க தம்பி.