டிவிடியில் இந்த வருடப் படங்களைச் சேர்த்த பிறகு பழைய வருடங்களைக் காணவில்லை

வெள்ளவத்தை_06:

எல்லாருக்கும் வணக்கம். ஆடிவேல் திருவிழாப் படங்களுக்கென்றே எங்கள் வீட்டில் ஒரு டிவிடி-ஆர் இருக்கிறது, அப்பா தொடங்கி வைத்தது. செட்டியார் தெருவிலிருந்து தேர் காலி வீதிக்கு வரும்போது எடுக்கிற படங்களை வருடத்துக்கு ஒரு ஃபோல்டராக அதே தட்டில் சேர்த்துக்கொண்டே வருவார். இந்த முறை எங்கள் கொம்பியூட்டரில் டிரைவ் பழுது, அதனால் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் கொடுத்துச் சேர்த்தோம். பிறகு மாமா வீட்டு லப்டொப்பில் போட்டுப் பார்த்தால் இந்த வருட ஃபோல்டர் மட்டும்தான் தெரிகிறது. தட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், எழுதப்பட்ட பகுதி நிறம் மாறி உள்ளிருந்து நல்ல அகலமாகவே இருக்கிறது, ஒரு வருடப் படம் அவ்வளவு இடம் பிடிக்காது. கடையில் கேட்டால் பழையதை நாங்கள் அழிக்கவில்லை என்கிறார்கள். பழைய படங்களுக்கு வேறு பிரதி இல்லை. எடுக்க வழி இருக்கிறதா?

கொட்டாஞ்சேனை_13:

பயப்பட வேண்டாம் தங்கச்சி, படங்கள் உள்ளேதான் இருக்கின்றன. டிவிடி-ஆர் என்பது ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய தட்டு, லேசர் ஒருமுறை அதிலுள்ள சாயத்தை மாற்றிவிட்டால் அதை யாராலும் பழையபடி ஆக்க ஏலாது, ஆகவே கடைக்காரர் அழிக்கவில்லை என்று சொன்னது உண்மை. ஆனால் சேர்த்தபோது செய்ய வேண்டியதை அவர் செய்யவில்லை.

ஒவ்வொரு முறை எழுதும்போதும் தட்டில் ஒரு புது செஷன், அதாவது அந்த முறை எழுதியதற்கான தனிப் பகுதி, உண்டாகிறது. அதற்கென்று தனியாக ஒரு கோப்புப் பட்டியலும் எழுதப்படும். கொம்பியூட்டர் தட்டைத் திறக்கும்போது எல்லாப் பட்டியலையும் பார்ப்பதில்லை, கடைசிப் பட்டியலை மட்டும்தான் பார்க்கும். அதனால் புது செஷன் எழுதும் முன் பழைய பட்டியலை மென்பொருளுக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் பழைய படங்களை மறுபடி எழுதாமல், அவை தட்டில் எந்த இடத்தில் கிடக்கின்றன என்பதை மட்டும் புதுப் பட்டியலில் குறித்துக்கொள்ளும். அப்பா பாவித்த மென்பொருள் அதைத் தானாகவே செய்திருக்கும். கடையில் பட்டியலை இறக்காமல் இந்த வருடத்தை மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

ஐசோபஸ்டர் என்ற மென்பொருளை இறக்கி அந்தத் தட்டைத் திறவுங்கள். இடப்பக்கம் செஷன்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். கடைசிக்கு முந்தியதைத் திறந்தால் அதுவரையான எல்லா வருடமும் அதிலேயே கிடைக்கும், ஏனென்றால் அப்பா ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். அதுவரை அந்தத் தட்டில் வேறெதையும் எழுத வேண்டாம்.

தெஹிவளை_லினக்ஸ்:

அண்ணா சொன்னது சரி. லினக்ஸில் இப்படித் தட்டில் சேர்த்து எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: டிவிடி எழுதும் குரோஐசோஎஃப்எஸ் (growisofs) கட்டளையில் முதல் முறை பெரிய இசட் (-Z), அடுத்தடுத்த முறைகளில் பெரிய எம் (-M). எம் போட்டால்தான் பழைய செஷனை வாசித்து அதோடு புதியதை இணைக்கும். முதல் முறை ஜோலியட், ராக்ரிட்ஜ் என்ற, நீளமான கோப்புப் பெயர்களுக்கான தெரிவுகளைக் கொடுத்திருந்தால் ஒவ்வொரு முறையும் அதே தெரிவுகளைக் கொடுக்க வேண்டும், இதைக் கனபேர் கவனிப்பதில்லை.

இன்னொன்று, செஷன் சேர்ப்பது சும்மா வராது, ஒவ்வொன்றுக்கும் தொடக்கமும் முடிவுமாக இடம் போகும். சீடி-ஆரில் முதல் செஷனை மூடும்போது கிட்டத்தட்ட 22 எம்பி, பிறகு ஒவ்வொன்றுக்கும் 13 எம்பி அளவில். நாலு படத்துக்காக ஒரு செஷன் எழுதுவது அநியாயம், கொஞ்சம் சேரவிட்டு எழுதுங்கள். டிவிடி உறையில் 4.7 ஜிபி என்று இருந்தாலும் விண்டோஸ் 4.38 என்றுதான் காட்டும், அது எண்ணுகிற முறையில் உள்ள வித்தியாசம், உங்கள் தட்டில் குறை இல்லை.

டிவி பக்கத்தில் இருக்கும் பிளேயரில் போட்டுப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். சில பிளேயர்களும் கார் செட்டுகளும் முதல் செஷனைத் தாண்டிப் பார்ப்பதே இல்லை. 1992இல் கோடக்கின் ஃபோட்டோ சீடி வந்தபோதும் இதே கதைதான், கடையில் படம் சேர்க்கச் சேர்க்க செஷன் கூடியது, பழைய டிரைவ்களுக்கு முதலில் பதிந்த படங்கள் மட்டும் தெரிந்தன.

வெள்ளவத்தை_06:

அண்ணா, கிடைத்துவிட்டன! நீங்கள் சொன்ன மாதிரி கடைசிக்கு முந்திய செஷனில் எல்லா வருடமும் வரிசையாக இருந்தன, மிகவும் நன்றி. ஆனால் ஒரு ஃபோல்டரில் சில படங்கள் பாதியில் நின்று வாசிப்புப் பிழை என்று வருகிறது. அதற்கு என்ன செய்வது?

பம்பலப்பிட்டி_04:

பிள்ளை, முதலில் தட்டைப் பஞ்சுத் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். வட்டமாகத் தேய்த்து ஒரு கீறல் விழுந்தால் அது தடம் ஓடுகிற பக்கமாகவே ஓடும், அதை டிரைவால் சமாளிக்க முடியாது. அப்புறம் வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள், ஒன்று வாசிக்காத பகுதியை இன்னொன்று வாசிக்கும், மேசைக் கொம்பியூட்டர் டிரைவ் கிடைத்தால் நல்லது. வாசிக்கிற வேகத்தைக் குறைத்தாலும் உதவும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன், ஒரே பிரதியை ஒரே தட்டில் வருடக்கணக்காக வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. தட்டில் எழுதுவது சாயத்தில், அது வெயிலுக்கும் சூட்டுக்கும் ஈரத்துக்கும் மெல்ல மெல்லக் கெடும், கடல் பக்க வீடுகளில் அலுமாரிக்குள்ளேயே ஈரம் நிற்கிறது. இப்போது எடுத்த படங்களை ஹார்ட் டிஸ்க்கில் வைத்துவிட்டு, முழுவதையும் ஒரே செஷனாக ஒரு புதுத் தட்டில் எழுதி மூடுங்கள், மூடிவிட்டால் வேறு யாரும் அதில் எதையும் சேர்க்க முடியாது. எழுதி முடிந்ததும் சரிபார்க்கும் தெரிவையும் மறக்காமல் போடுங்கள். அந்தத் தட்டு வேறு வீட்டில் இருக்கட்டும், மாமா வீட்டில் கொடுத்து வைத்தாலும் சரி. அடுத்த வருடத்துக்குத் தனித் தட்டு.