கிராம வங்கியின் சமூகப் பொறுப்பு: பள்ளிக்கூட பெஞ்சிலா, நகைக்கடன் கவுன்ட்டரிலா?

தென்பெண்ணை:
அரசுப் பள்ளிக்கு பெஞ்சும் குடிநீர் எந்திரமும் கொடுத்து வாசல்ல பேனர் கட்டினா, அதைத்தான் வங்கியோட சமூகப் பொறுப்புன்னு நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பேசறோம். எனக்கு உடன்பாடு இல்ல. லாபத்துல 2 சதவீதம் ஒதுக்கணும்னு சொல்ற கம்பெனிச் சட்டம் 135-வது பிரிவு கிராம வங்கியைக் கட்டுப்படுத்தாது. அது பிறந்தது 1976-ஆம் வருஷத்து மண்டல ஊரக வங்கிகள் சட்டத்துல. பங்கு மத்திய அரசுக்கு 50, மாநில அரசுக்கு 15, அதை நடத்த உதவற பெரிய வங்கிக்கு, அதாவது ஆதரவு வங்கிக்கு, 35. ஆக, பெஞ்சு அவங்க பிரியம். கவுன்ட்டர்ல கழட்டி வைக்கற தாலிக்கொடிக்குச் சரியா எடை போடறதும், அது ஏலம் போனா மிச்சப் பணத்தைக் கூப்பிட்டுக் கொடுக்கறதும்தான் கடமை.

பாலக்கோட்டுல தக்காளி போடறவருக்கும் பென்னாகரத்துல மானாவாரி ராகி போடறவருக்கும் அவசரத்துக்கு உதவறது பெட்டியில இருக்கற நகை. வங்கி யோக்கியமா நடக்குதான்னு பாக்கணும்னா அங்கதான் பாக்கணும். எந்த வங்கியையும் குத்தம் சொல்ல வரல, நடைமுறையைப் பேசலாம்.

வரவுசெலவு:
சரி சார், நடைமுறையையே பேசுவோம். எடையைக் குறைத்துவிட்டார்கள் என்ற கோபம் பெரும்பாலும் கல் கழிவில், அதாவது தங்கம் அல்லாததற்காகக் கழிக்கும் எடையில், தொடங்குகிறது. அட்டிகை, பழைய ஜிமிக்கி, மாங்காய் மாலை இவற்றின் உள்ளே அரக்கு இருக்கும். தாலிக்கொடியில் கருகமணி, நூல், வருஷக் கணக்கான அழுக்கு. தராசில் 44 கிராம் காட்டும் நகையில் தங்கம் 38 தான் என்றால் 38-க்குத்தான் கடன் தர முடியும்.

போலி நகையையும் மறக்காதீர்கள். காரட் பார்க்கும் எக்ஸ்ரே கருவி மேல்தோலை மட்டும்தான் படிக்கும். செம்பு வளையலுக்கு மேலே கனமாகத் தங்கம் பூசியிருந்தால் 22 காரட் என்றே காட்டிவிடும். அதனால்தான் உரைகல்லில் அழுத்தித் தேய்க்கிறோம், சந்தேகம் வந்தால் அரம் போடுகிறோம். போலி லாக்கருக்குள் போய்விட்டால் போவது வைப்புதாரர் பணம். அவரும் இதே ஊர்க்காரர்தான்.

உரைகல்:
கழிவு போடறது தப்புன்னு யாரும் சொல்லல அண்ணே. எங்க எழுதறாங்கங்கறதுதான் கேள்வி. 2025 ஜூன் 6-ல ரிசர்வ் வங்கி போட்ட நகைக்கடன் உத்தரவு, 2026 ஏப்ரல் 1-க்குள்ள நடைமுறைக்கு வரணும்னு சொன்னது, கிராம வங்கிக்கும் பொருந்தும். கடன்காரர் கண்ணு முன்னாடி மதிப்பு போடணும். மொத்த எடை, நிகர எடை, காரட், எதுக்கு எவ்வளவு கழிச்சோம், நகையோட படம், எல்லாம் சேர்ந்த சான்றுல ஒரு பிரதி அவர் கைக்குப் போகணும். அவருக்குப் புரியற மொழியில விளக்கணும்.

தப்பு நடக்கற இடம் இது: மதிப்பீட்டாளர் உள்ளறைக்கு நகையை எடுத்துட்டுப் போறார். வெளியே வரும்போது ஒத்தை எண். 6 கிராம் எதுக்குப் போச்சு? கல்லுக்கா, அரக்குக்கா, 'எதுக்கும் இருக்கட்டும்'னு கையால கழிச்சதா? கடன் வாங்கும்போது இது பெருசாத் தெரியாது. ஏலத்துல அந்த 6 கிராம் யாருக்குப் போகுதுன்னு யோசிங்க. கல் நகையைக் கடைத் தராசுல ஒரு தடவை போட்டு, உருப்படி உருப்படியா போட்டோ எடுத்துட்டு வங்கிக்குப் போங்க. சான்றுல கழிவுக்கான கட்டத்துல எண் எழுதாம கையெழுத்து போடாதீங்க.

மாந்தோப்பு:
எடையை விட எனக்கு உறுத்தற விஷயம் வேற. பயிர்க்கடனுக்கு 2 லட்சம் வரைக்கும் ஈடு கேக்கக் கூடாது, 1.6 லட்சமா இருந்தது, 2025 ஜனவரி 1-லருந்து 2 லட்சம். அப்புறம் அதே வருஷம் ஜூலையில ரிசர்வ் வங்கி ஒரு விளக்கம் கொடுத்தது: விவசாயி தானா விரும்பி நகை வச்சா அது விதி மீறல் இல்லன்னு. இந்த 'தானா விரும்பி'தான் ஓட்டை. 80 சென்ட் மாந்தோப்பு வச்சிருக்கற பெரியவர்கிட்ட "நகை இருந்தா இன்னிக்கே பணம், இல்லன்னா பட்டா, அடங்கல், நேர்ல பாக்கணும், மேலிடத்துக்கு அனுப்பணும், நாளாகும்"னு சொன்னா அவர் என்ன செய்வார்? சாயங்காலம் மனைவி கழுத்துச் சங்கிலியோட வருவார். விருப்பக் கடிதத்துல கையெழுத்தும் போடுவார்.

தவணையும் அப்படித்தான். கிருஷ்ணகிரியில மாங்காய் காசு வர்றது மே கடைசியிலருந்து ஜூலை வரைக்கும். பிப்ரவரியில வாங்கின 12 மாசக் கடனுக்கு அடுத்த பிப்ரவரியில கட்டுன்னா எதைக் கட்டுவார்?

வரவுசெலவு:
தவணை விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பயிர்க்கடனுக்கான கிசான் கார்டில் பயிருக்கு ஏற்ற தேதி வைக்க இடம் உண்டு, கேட்டு வைப்பதில்லை. அந்தத் தேதிதான் பெரிய பணம். 3 லட்சம் வரை 7 சதவீத வட்டி, உரிய நாளில் கட்டினால் 3 சதவீதம் திரும்ப வரும், ஆக 4. தவறவிட்டால் சலுகை போய்விடும்.

ஆனால் ஈடில்லாக் கடனை கிளை தட்டிக்கழிக்கிறது என்பதை ஏற்க மாட்டேன். மூன்று பேர் வேலை செய்யும் கிளையில் மேலாளர் வயலுக்குப் போனால் கவுன்ட்டர் நின்றுவிடும். ஆள் தராமல் அறம் மட்டும் கேட்டால் எப்படி?

மாந்தோப்பு:
ஆள் தரவேண்டியது தலைமையகம் சார். அதியமான் கிராம வங்கி இருந்தப்போ தலைமையகம் தர்மபுரியிலயே இருந்தது. 2006-ல வள்ளலார் கிராம வங்கியோட சேர்ந்து பல்லவன் கிராம வங்கி, 2019-ல பாண்டியன் கிராம வங்கியோட சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி, தலைமையகம் சேலம். பெரிய வங்கி ஆனதுல நன்மை உண்டு. ஆனா ஆள் பற்றாக்குறையோட விலையை விவசாயி நகையா வச்சுக் கட்டக் கூடாது.

தென்பெண்ணை:
இப்ப ஏலத்துக்கு வருவோம், என் தலைப்பே அதுதான். கணக்குக்காக கிராம் 8,000-ன்னு வச்சுக்கங்க. நிகர எடை 32 கிராம், மதிப்பு 2,56,000. சொந்தச் செலவுக்கு வாங்கற நகைக்கடன் 2.5 லட்சம் வரைக்கும் மதிப்புல 85 சதவீதம், அதாவது 2,17,600. கடைசியில மொத்தமா கட்டற கடன்னா வட்டியும் இதுக்குள்ள அடங்கணும். 9 சதவீதம்னா கைக்கு 1,99,600, வருஷக் கடைசியில கட்ட வேண்டியது 2,17,564.

கட்டல, ஏலம். அதுக்குள்ள கிராம் 10,000 ஆயிடுச்சு. மதிப்பு 3,20,000. குறைந்தபட்ச விலை அன்னிக்கு மதிப்புல 90 சதவீதம், 2,88,000. ரெண்டு ஏலத்துல போகலன்னாதான் 85-க்கு இறங்கலாம். தாமத வட்டி, ஏலச் செலவு கழிச்சாலும் 50,000-க்கு மேல மிஞ்சும். அது கடன்காரர் பணம். ஏலத் தொகை முழுசா வந்த 7 வேலை நாளுக்குள்ள கொடுக்கணும். எத்தனை பேருக்கு இப்படி மிஞ்சும்னு தெரியும்?

வரவுசெலவு:
தெரிவிக்காமல் ஏலம் விடுவதில்லை சார். தபால் போகிறது, இரண்டு நாளிதழில் விளம்பரம் வருகிறது, ஒன்று தமிழில். முதல் ஏலம் கிளை இருக்கும் மாவட்டத்திலேயே நடக்க வேண்டும். ஆனால் அரூர், ஊத்தங்கரைப் பக்கத்துக் குடும்பங்கள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் வேலைக்குப் போயிருப்பார்கள். 'கதவு பூட்டியுள்ளது' என்று தபால் திரும்பும், செல் நம்பர் மாறியிருக்கும். ஆளே கிடைக்காதபோது மிச்சத்தை யாரிடம் கொடுப்பது?

உரைகல்:
நகைக்கடன் வாங்கினவருக்கு அதே கிளையில சேமிப்புக் கணக்கு இருக்குமே. கடன் தொகை விழுந்த கணக்குலயே மிச்சத்தையும் போடுங்க, குறுஞ்செய்தி போகட்டும், கணக்கு விவரத்தை தபால்ல அனுப்புங்க. ஆளைத் தேடற வேலையே இல்ல.

வரவுசெலவு:
அது சரி, அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் அதே ஆளுக்கு வேறு கடன் நிலுவை இருந்தால்? ஒப்பந்தச் சட்டம் 171-வது பிரிவு, தன் கையில் இருக்கும் கடன்காரர் சொத்தை அவருடைய மற்ற நிலுவைக்கும் பிடித்து வைக்கும் பொது உரிமையை வங்கிக்குத் தருகிறது. மகன் படிப்புக் கடன் நின்றுபோய், அப்பா அதற்கு இணைக்கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருந்தால், மிச்சத்தை அதில் வரவு வைப்பதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன்.

தென்பெண்ணை:
நான் தவறுன்னுதான் சொல்வேன். நகையைக் கழட்டிக் கொடுத்த அம்மாவுக்கு அந்தப் படிப்புக் கடனோட சம்பந்தம் இல்லாம இருக்கலாம். நகை அவங்களோடது, கையெழுத்து மட்டும்தான் வீட்டுக்காரரோடது. சட்டம் இடம் கொடுத்தாலும், வேற கடனுக்கு எடுக்கறதுக்கு முன்னாடி எழுத்துல தெரிவிச்சு 15 நாளாவது பதிலுக்கு விடணும். இதை ஒரு கிராம வங்கி தன் கொள்கையில எழுதி கிளைச் சுவர்ல தமிழ்ல ஒட்டட்டும்.

மாந்தோப்பு:
இப்பவே மிச்சப் பணம் வராம இருக்கறவங்களுக்கு: கிளையில எழுத்துல மனு, நகல்ல தேதியோட முத்திரை வாங்குங்க. ஏல நாள், ஏல விலை, கழிச்ச தொகை மூணையும் தனித்தனியாக் கேளுங்க. 30 நாள்ல பதில் இல்லன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர்கிட்ட போகலாம், கட்டணம் இல்ல. வழி கேக்க 14448. கடன் அடைச்சவங்களுக்கும் ஒண்ணு: நகையைத் திருப்பித் தர 7 வேலை நாளுக்கு மேல வங்கி தரப்புல தாமதம்னா நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. அடைச்ச ரசீதுல தேதி தெளிவா இருக்கான்னு கவுன்ட்டர்லயே பாத்துட்டு வாங்க.