புதுப்பிப்பு: பிஸ்கட் லொறியில் டர்ட் பைக்

பிஸ்கட் விநியோகித்த பழைய இசுசு எல்ஃப் லொறியை, கரடுமுரடான மண் பாதையில் ஓட்டும் டர்ட் பைக்கை ஏற்ற மாற்றுவதாக முன்பு எழுதியிருந்தேன். "ரம்பொடை மலைப்பாதை வளைவுகளில் பைக் சரியாதா?" என்றுதான் நிறையப் பேர் கேட்டீர்கள். நுவரெலியாவிலிருந்து இறங்கிப் பார்த்தாயிற்று, அசையவே இல்லை.

முன்சக்கரம் முட்டி நிற்கும் இரும்புத் தாங்கியை அடிச்சட்டத்தோடு சேர்த்து போல்ட் போட்டோம். ஹேண்டிலின் இரு பக்கமும் பட்டி முன்னோக்கிச் சரிவாக இழுக்கிறது. பெரிய வேலை செய்வது ஒரு மரக்கட்டைதான்: டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவில் செருகினால், பட்டியை இறுக்கும்போது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முழுதாக அமுங்காது, அதில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலும் தப்பிக்கும்.

மூடிய பெட்டி என்பதால் பெட்ரோல் வாடை தங்கும். பைக்கின் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டே ஏற்றுங்கள். காற்றுத் துவாரம் வெட்டாமல் விடாதீர்கள். ஏற்றும் பலகை இன்னும் செங்குத்தாக இருக்கிறது, அதை நீட்டியதும் மோட்டார் பந்தயத் திடல் உள்ள தியத்தலாவைக்குக் கிளம்புகிறோம்.