போட்டோவை மெயிலில் அனுப்பி மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

கரிசல்காட்டான்:
2003, தங்கச்சி கல்யாணம் முடிந்த மறுவாரம். துபாயில் இருந்த கூட்டாளிக்கு லீவு கிடைக்கவில்லை, போட்டோவாவது அனுப்புடா என்று உயிரை எடுத்தான். பிரவுசிங் சென்டரில் மணிக்கு 30 ரூபாய், ஒரு போட்டோ ஏறக் கால் மணி நேரம், நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. இலவச மெயிலில் அவனுக்கு மொத்த இடமே 2 எம்பிதான், அந்தக் காலம் உங்களுக்கே தெரியும். தலா 700 கேபியில் இரண்டு படம் போய்ச் சேர்ந்தது. மூன்றாவது திரும்பி வந்தது. ஏதோ கோளாறு என்று நானும் விடாமல் நாலு தடவை அனுப்பினேன், நாலும் திரும்பி வந்தது.

நாலு நாள் கழித்து போன் செய்தான். "மாப்ளே, தாலி கட்டுற போட்டோல நீ ஏன்டா அழுற?" என்று ஒரே கிண்டல். அந்த நாலு நாளில்தான் அவனை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட மெயில், பெட்டி நிறைந்து கிடந்ததால் திரும்பிப் போயிருக்கிறது. போனில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வருடம் கழித்து அவன் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இன்றுவரை நானும் கேட்கவில்லை.

சும்மா_ஒருவன்:
கணக்கு இடிக்கிறதே. தலா 700 என்றால் 1400. மீதி 600 கேபியில் வெறும் எழுத்து மெயில் ஒன்று நுழையாதா? வேலை கிடைக்காததற்கு வேறு காரணம் இருந்திருக்கும், சும்மா மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள்.

பழைய மோடம்:
மேலே கணக்குப் போட்டவருக்கு: மெயில் என்பது எழுத்துக்காக உண்டானது, படத்தை அப்படியே சுமக்காது. பேஸ்64 என்ற முறையில் மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றித்தான் அனுப்பும், அதனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊதிவிடும். 700 கேபி படம் பெட்டியில் 950 கேபி. இரண்டு சேர்ந்தால் 1900. ஏற்கெனவே நாலு மெயில் கிடந்திருந்தால் முடிந்தது கதை. கரிசல் சொல்வது நடந்திருக்கக்கூடியதுதான்.

என் அனுபவம் சின்னது: பழனியில் மொட்டை போட்ட படங்களை நண்பனுக்கு என்று நினைத்து அதே பெயருள்ள மேனேஜருக்கு அனுப்பினேன். "அருமை" என்று பதில் வந்தது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். படத்தின் நீளப் பக்கத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்துவிட்டு அனுப்புங்கள், திரையில் பார்க்க அது தாராளம். அந்தக் கால விண்டோஸ் எக்ஸ்பியிலேயே மெயிலில் அனுப்பப் போனால் படத்தைச் சின்னதாக்கட்டுமா என்று கேட்கும், நாம்தான் படிக்காமல் தட்டிவிடுவோம். 2004 ஏப்ரலில் ஜிமெயில் 1 ஜிபி என்று வந்தபோது இந்தத் தொல்லை ஒழிந்தது என்று நினைத்தோம். இப்போதும் ஒரு மெயிலுக்கு 25 எம்பி என்று எல்லை இருக்கிறது, செல்போன் படம் ஐந்தாறு வைத்தாலே முட்டும். அப்புறம், லொகேஷன் ஆன் செய்து எடுத்த படமென்றால் வீடு எங்கே இருக்கிறது என்பதும் அந்தக் கோப்புக்குள்ளேயே போகும். பிரிண்ட் போட வேண்டும் என்று கேட்பவருக்கு மட்டும் ஒரிஜினல்.

தென்மராட்சி:
தம்பி பழைய மோடம், சின்னதாக்கி அனுப்பச் சொல்கிறீர்கள், சரி. 2002இல் சண்டை நின்று, யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்த கையோடு மச்சான் சாவகச்சேரிக்குப் போய் எங்கள் வீட்டைப் படம் எடுத்து, கொழும்புக்குத் திரும்பி வந்து அனுப்பினான். ஒன்றையும் குறைக்கவில்லை, ஒன்றரை எம்பி. நாங்கள் டொரொண்டோவில், டயல்-அப், டெலிபோன் லைனில்தான் இன்டர்நெட். யாரும் டெலிபோனைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு அம்மாவை முன்னால் இருத்தினேன்.

படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கியது. முதலில் வானம். அப்புறம் தென்னை வட்டு. "இது எங்கட கிணத்தடித் தென்னை" என்றா அம்மா, சந்தோசமாக. அடுத்து ஓடு வர வேண்டிய இடத்திலும் வானம்தான் வந்தது. கணினி பிழை என்று நினைத்து, "கொஞ்சம் பொறுங்கோ, இன்னும் வரேல்லை" என்று நானும் சொன்னேன். பிறகு சுவரின் மேல் விளிம்பு, பல்லுப்பல்லாக. மொத்தம் ஐந்து நிமிடம் இருக்கும், அம்மா கதைக்கவில்லை. படம் முழுதாக வந்த பிறகு வாசல்படியில் விரலை வைத்துப் பார்த்தா, திரையில்.

மச்சானுக்கு என்ன எழுத என்று கேட்டேன். "கிணறு இறைச்சவையோ எண்டு கேள்" என்றா. அதை மட்டும்தான் எழுதி அனுப்பினேன்.